பாதி வழக்கில் இன்னொரு பிரதிவாதி

வீட்டைக் காலி செய்தும் 80,000 ரூபாய் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. பணத்தை வாங்கிய பவர் ஏஜெண்ட் மீது முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. அவரோ, ‘பணத்தை வீட்டுக்காரரிடம் அப்போதே கொடுத்துவிட்டேன்’ என்று எதிருரை தாக்கல் செய்கிறார். இப்போது என்ன செய்வது?

வழக்கைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1, விதி 10(2)-இன்படி, எந்தக் கட்டத்திலும் புதிய தரப்பினரைச் சேர்க்கலாம். வக்கீல்கள் வாயில் இது ‘இம்ப்ளீட் பெட்டிஷன்’. பிரமாணப் பத்திரத்துடன் இடைமனு போட வேண்டும். அனுமதி கிடைத்ததும் வழக்குரையைத் திருத்தி, புதியவருக்குச் சம்மன் அனுப்ப வேண்டும்.

கேட்டவுடன் கிடைத்துவிடாது. அவர் இல்லாமல் தீர்ப்பே சொல்ல முடியாதா, அல்லது அவர் இருந்தால்தான் தகராறு முழுமையாகத் தீருமா என்று நீதிபதி பார்ப்பார். விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில், ‘நிலமே என்னுடையது’ என்று வந்த வெளியாட்களைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சேர்த்தால் ஒப்பந்த வழக்கு உரிமை வழக்காகிவிடும் அல்லவா!

பலரும் கோட்டை விடுவது காலக்கெடுவில்தான். இத்தகைய பண வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். ஏஜெண்ட் மீது கெடுவுக்குள் வழக்குப் போட்டிருந்தாலும் வீட்டுக்காரருக்கு அந்தத் தேதி பொருந்தாது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவு 21-இன்படி, அவரைச் சேர்த்த நாளில்தான் அவர்மீது வழக்குத் தொடங்கியதாகக் கணக்கு. அதற்குள் 3 ஆண்டு கடந்திருந்தால் ‘கெடு முடிந்தது’ என்று அவர் தப்பிக்கலாம். விட்டுப்போனது நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று நீதிமன்றம் நம்பினால் முன்தேதியிட்டு ஏற்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே வீட்டுக்காரர் பெயர் இருக்கும்போது, ‘தெரியாமல் விட்டுவிட்டேன்’ என்பதை யார் நம்புவார்? ஆகவே எதிருரை கைக்கு வந்த வாரமே மனுப் போடுவது நல்லது. சாட்சி விசாரணை முடியட்டும் என்று சில வக்கீல்கள் காத்திருப்பது எனக்குப் புரிவதில்லை.

பிரதிவாதி இறந்துபோய் வாரிசுகளைச் சேர்ப்பது வேறு விஷயம். அதற்குக் கட்டளை 22. கெடு 90 நாள். தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கோர மேலும் 60 நாள் உண்டு.