வீட்டுக் கணினிக்கு வேலியும் காவலும்

இந்நாளில் இல்லந்தோறும் கணினி இடம்பெற்றுவிட்டது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும், பெற்றோரின் வங்கிக் கணக்கும், மறைந்த மூத்தோரின் நிழற்படங்களும் அதனுள்ளேயே தங்கியிருக்கின்றன. அவற்றைக் காக்கும் வழியறியாது சிலர் அச்சத்தாற் பொருளை இழக்கின்றனர். சிலர் அசட்டையாற் சேமித்த அனைத்தையும் இழக்கின்றனர். இவ்விரு நிலைக்கும் இடந்தராத வழியொன்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கணினிக்கு வேண்டிய காப்பு இருவகைப்படும். ஒன்று 'பயர்வோல்' எனப்படும் தீச்சுவர். மற்றையது நச்சுநிரல் எதிர்ப்பி. தீச்சுவர் வளவைச் சூழ்ந்த வேலியையும் படலையையும் ஒத்தது. வலையமைப்பின் வழியே அழையாது வரும் இணைப்புகளை அது தடுத்து நிறுத்தும். ஆயின், நாமே படலையைத் திறந்து உள்ளே விடும் பொருளை வேலி என் செய்யும்? மின்னஞ்சலோடு வரும் கோப்பும், பிறரிடம் வாங்கிச் செருகும் பென் டிரைவும் அத்தகையன. அவற்றை ஆராய்ந்து, தீயன எனக் கண்டவற்றை ஒதுக்குவது நச்சுநிரல் எதிர்ப்பியின் தொழில். ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்விரண்டினும் முந்தியதொரு கடமையும் உண்டு. 2017 மே 12 இல் 'வன்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கிற்று. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை அது பற்றியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணங் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவும் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது புகுந்த வழியோ விண்டோசிலிருந்த ஒரு குறைபாடு. அக்குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ற் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்ற கணினிகளில் அவ்வழி அடைபட்டிருந்தது. எனவே, இற்றைப்படுத்தலே முதற் காப்பு என்பது தெளிவு. விண்டோசு 10 இற்கான வழமையான இற்றைப்படுத்தல் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றமையை அதனைப் பயன்படுத்துவோர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, தெரிவு செய்யும் முறையைக் கூறுவாம். விண்டோசின் தீச்சுவர் 2004 முதல் தானாகவே இயங்கும் நிலையில் வருகின்றது. 'டிபெண்டர்' என்னும் எதிர்ப்பியும் 2012 இல் வெளிவந்த விண்டோசு 8 முதல் உடனமைந்துள்ளது. இவை இரண்டும் இயங்குகின்றனவா என முதலிற் பார்த்தல் வேண்டும். இயங்குமாயின், சாதாரண இல்லத்துக்கு அவையே பெரும்பாலும் போதும். மேலும் ஒன்றை விலைக்கு வாங்க விரும்புவோர் செருமனியின் ஏவி-டெசுற், ஒசுற்றியாவின் ஏவி-கொம்பரற்றிவ்சு ஆகிய சோதனைக் கூடங்கள் வெளியிடும் முடிவுகளை நோக்குக. முதலாண்டின் விலையோடு, புதுப்பிக்கும் ஆண்டின் விலையையும் கேட்டறிக. இரு எதிர்ப்பிகளை ஒருங்கே இயக்கற்க. அவை ஒன்றோடொன்று முரணிக் கணினியைத் தளரச் செய்யும். விலையின்றிக் கைமாறும் திருட்டுப் பிரதிகளை நம்பற்க; காவலன் வேடத்திற் கள்வனே புகுதல் கூடும்.

'உமது கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது. உடனே இவ்விலக்கத்தை அழைப்பீர்' எனத் திரையில் திடீரெனத் தோன்றும் அறிவித்தல் ஏமாற்றேயாம். மெய்யான எதிர்ப்பி தொலைபேசியில் அழைக்குமாறு கேளாது. அவ்விலக்கத்தை அழையாது, அப்பக்கத்தை மூடிவிடுக.

எக்காவலும் என்றேனும் தவறக் கூடும். ஆதலின் இழக்கவொண்ணாத கோப்புகளைப் புற வன்தட்டொன்றிற் படியெடுத்து, அத்தட்டைக் கணினியினின்றும் கழற்றி வைத்தல் இன்றியமையாதது. இணைந்தே கிடக்கும் தட்டையும் நச்சுநிரல் பூட்டிவிடும். இவற்றை அறிந்த எம் மாணவர், தம் இல்லத்து முதியோரின் கணினியையும் ஒருமுறை திறந்து பார்த்துச் செம்மை செய்து கொடுப்பாராக. கற்ற கல்வி இல்லத்துக்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்றாம்.