அலையாத்திக் காட்டுக்குத் தோணியில் ஒரு நாள்



டூர் என்று பேச்சு வந்தாலே நம் கல்லூரியில் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சினால் கொச்சி. நான்காவதாக ஒரு ஊர்ப் பெயரை நோட்டீஸ் போர்டில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் வேதாரண்யத்தில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேருகிற தூரத்தில், ரோடு கிடையாது, கடை கிடையாது, தோணியில் மட்டும்தான் போக முடியும் என்கிற மாதிரி ஓர் இடம் இருக்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், அதன் நடுவில் கிடக்கும் காயலும்தான் அது. அங்கே லகூன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் தோணியில் போய், மீன்பிடிப்பையும் பார்த்துத் திரும்ப என்னென்ன திட்டம் போட வேண்டும் என்பதை எழுதலாமென்று நினைக்கிறேன்.

பிச்சாவரம் எல்லோருக்கும் தெரியும். 1975-ல் வந்த ‘இதயக்கனி’ படம் அங்கே எடுத்ததிலிருந்து அதற்கு மவுசு வந்துவிட்டது. முத்துப்பேட்டைக்கு அப்படி ஒரு படம் அமையவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று சில சமயம் தோன்றும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காவிரியின் கடைசிக் கிளைகள் கடலைத் தொடும் மூலை இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்கா கோரையாறு எல்லாம் வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்து இந்தக் காயலில் விடுகின்றன. காயலின் வாய் தெற்கே பாக் நீரிணைப் பக்கம் திறந்திருக்கிறது. கிழக்கே சதுப்பும் உப்பளமுமாக நம் கோடியக்கரை வரை ஒரே தொடர்ச்சி. கோடியக்கரையை 1967-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் முத்துப்பேட்டைக் காட்டையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் ஏறிய இடம் நம்முடையதுதான். பரீட்சைக்கு வராது, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரங்களில் பெரும்பாலும் அலையாத்தி. அலையை ஆற்றுகிற மரம் என்று எங்கள் பக்கம் அர்த்தம் சொல்வார்கள். ஆற்றில் நல்ல தண்ணீர் வருவது வருஷத்தில் சில மாதம்தான் என்பதால், உப்பைத் தாங்கத் தெரிந்த இந்த மரமே எங்கும் பரவி நிற்கிறது. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் அடித்தபோது இந்தக் காடும் நொறுங்கியது. மொட்டையாகிப் போன மரங்கள் நடுவே இளசுகள் தலையெடுத்து வருவதைத் தோணியில் போனால் கண்ணால் பார்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்தப் பேச்சை எடுத்தபோது நண்பன் ஒருவன், “மாப்ள, ஆளே இல்லாத இடம்டா, நாமளே ஒரு வலையை வாங்கிட்டுப் போய் வீசிட்டு வந்துருவோம்” என்றான். ஆளே இல்லாத இடம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

காயலிலிருந்து காட்டுக்குள் போகும் வாய்க்கால்கள் பல இருக்கின்றன. பார்த்தால் இயற்கையாக ஓடுகிற ஓடை என்றே தோன்றும். ஆனால் அவற்றில் நிறைய மனிதர்கள் வெட்டியவை. சுற்றியுள்ள குப்பங்களின் மீனவர்கள் தலைமுறையாக வெட்டிப் பராமரித்து வருகிற வாய்க்கால் அவை. தண்ணீர் ஏறும்போது மீனும் இறாலும் தானாக வாய்க்காலுக்குள் வரும். வாயை மறித்துவிட்டு, தண்ணீர் வற்றும்போது பிடிப்பார்கள். கேட்க எளிது. ஆனால் சேறு வந்து அடைத்துக்கொண்டே இருக்குமாதலால் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வாரி எடுத்த மண்ணைக் கரையில் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். நமக்கு வயல் எப்படியோ அவர்களுக்கு வாய்க்கால் அப்படி. அடுத்தவன் வயலில் இறங்கி யாராவது கதிர் அறுப்போமா?

இதில் சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வாய்க்கால் கரைகளில் மரம் நன்றாகத் தழைத்து நிற்கும், தண்ணீர் தேங்கி உப்புப் பூத்த திட்டுகளிலோ ஒன்றும் முளைக்காது. காரணம் கடல் தண்ணீர் தினமும் உள்ளே போய் வெளியே வருவது. பிற்காலத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கெட்டுப்போன காட்டை மீட்க எடுத்துக்கொண்ட வழியும் இதே தத்துவம்தான். ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து மீன் முள் மாதிரி இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னக் கால்வாய்கள். தண்ணீர் போய் வந்ததும் மரம் வந்துவிட்டது. நாம் இரிகேஷன் பேப்பரில் படிக்கிற லெவல், ஸ்லோப் எல்லாம் அந்தச் சேற்றில் உயிரோடு இருக்கிறது.

ஆகவே திட்டத்தில் முதல் வேலை தோணி பார்ப்பது அல்ல, அனுமதி கேட்பது. இது காப்புக்காடு. 1882-ம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது மட்டுமல்ல, மீன் பிடிப்பதும் குற்றம். படகில் போக வாங்கும் அனுமதி மீன்பிடிக்கும் அனுமதி ஆகாது. முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். எத்தனை பேர், எந்தத் தேதி, எந்த வழி, யார் பொறுப்பு என்று எல்லாம் எழுதுங்கள். கல்லூரி முதல்வரின் கடிதம் இருந்தால் பேச்சு சுலபமாகும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அதையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஜாம்புவானோடை படகுத்துறையிலிருந்து கோரையாற்று வழியாகக் காயலுக்குப் போவதுதான் வழக்கம்.

இதெல்லாம் நம் ஊர்க் கெடுபிடி என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, கனடா எல்லையை ஒட்டி ஆயிரக்கணக்கில் காட்டு ஏரிகள் இருக்கின்றன. தோணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நடந்து போய் மீன் பிடிப்பார்கள். அங்கேயும் பர்மிட் உண்டு. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, தோணி நான்குக்கு மேல் கூடாது.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். வடகிழக்கு மழையும் புயலும் எங்கள் கரைக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி, சொல்லாமல் வருவார்கள். தை, மாசிதான் நல்ல சமயம். மழை விட்டிருக்கும், ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருக்கும், வெளிநாட்டுப் பறவைகளும் திரும்பிப் போயிருக்காது. கோடியக்கரைப் பக்கம் பூநாரை பார்க்கவும் அதுதான் காலம். சித்திரைக்குப் பிறகு வெயில் தோணியிலேயே வறுத்துவிடும்.

மாதத்தை முடிவு பண்ணினால் போதாது, மணியையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி இரண்டு தடவை வற்றுகிறது. அந்த நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமி பக்கம் குறைவு. பாக் நீரிணையில் இந்த ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கும் உள்ளேதான். ஒரு மீட்டர்கூட இல்லையே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். காயலும் ஆழமில்லாதது. அரை அடி குறைந்தாலும் தோணி தரை தட்டும். காற்றும் சேர்ந்து விளையாடும். சோழகம் அடித்தால் கடல் தண்ணீரை உள்ளே தள்ளும். வாடை அடித்தால் உள்ளே இருப்பதையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும்.

என் மாமா வத்தை வைத்திருக்கிறவர், பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். அவர் ஒன்று சொல்வார்: “தம்பி, புது வாய்க்கால்ல நுழையறதா இருந்தா ஏறுற தண்ணியில நுழை. தட்டுனாலும் அதுவே உன்னைத் தூக்கி விட்டுடும். வத்துற தண்ணியில தட்டுன, ராத்திரி அங்கதான்.” யோசித்துப் பாருங்கள். ஏறும்போது மாட்டினால் அரை மணி காத்திருந்தால் போதும். வற்றும்போது மாட்டினால் தண்ணீர் முழுக்க இறங்கித் திரும்ப அந்த அளவுக்கு ஏறுகிற வரை, எட்டுப் பத்து மணி நேரம்கூட ஆகலாம். இறங்கித் தள்ளலாம் என்றால் முழங்காலுக்கு மேல் சேறு, அதற்குள் ஆணி அடித்தது மாதிரி அலையாத்தியின் மூச்சுவேர்கள், ஓரத்தில் சிப்பி. காலைக் கிழித்துவிடும். கூகுள் மேப்பில் வாய்க்கால் எல்லாம் அழகாகத் தெரிகிறது. ஆழம் தெரியாது!

அடுத்து தோணி. எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் “பத்து பேர் தாராளமா ஏறலாம்” என்பார்கள். நாம் டிப்ளமா படிக்கிறோம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள ஒரு தோணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் குறுகுவதால் தண்ணீரில் படியும் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி அது ஒரு சென்டிமீட்டர் அமிழ 50 கிலோ வேண்டும். நாம் ஆறு பேர், ஆளுக்கு 55 கிலோ, மொத்தம் 330. தோணிக்காரர் 60. தண்ணீர், சோறு, கயிறு, நங்கூரம் எல்லாம் 60. ஆக 450 கிலோ, 9 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். காலித் தோணியே 15 சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் மொத்தம் 24. தண்ணீர் வற்றினால் ஒரு முழம்கூடத் தேறாத வாய்க்காலில் இது இழுபறி. பத்து பேர் ஏறினால் இன்னும் நாலரை சென்டிமீட்டர். அத்துடன் விளிம்பு தண்ணீருக்கு நெருங்கி வரும். ‘அதோ நரி!’ என்று யாராவது கத்தி, எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், கதை முடிந்தது. ஆறு பேருக்கு மேல் என்றால் இரண்டாவது தோணி. செலவு கூடத்தான் ஆகும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று, நீச்சல் தெரிந்தவனுக்கும்தான். மோட்டார் போட்ட படகு காயல் வரைக்கும் சரி. குறுகலான வாய்க்காலுக்குள் விசிறி சேற்றைக் கிளறும், வேரில் சிக்கும். அங்கே கழி ஊன்றித் தள்ளுகிற தோணிதான் தோது.

எடுத்துப் போகிற சாமானில் முதல் இடம் குடிதண்ணீருக்கு. சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. ஆளுக்கு நாலு லிட்டர் கணக்கு வைத்து, ஒரே கேனில் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள், ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். புளிச்சோறு, அவித்த முட்டை போதும். உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது. தொப்பி, முழுக்கைச் சட்டை, கத்தி, தண்ணீர் இறைக்க ஒரு டப்பா, டார்ச், நீளமான கயிறு. செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். சிக்னலை நம்ப வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி வைத்தால் அதுதான் நிஜமான பாதுகாப்பு. பால் வடிகிற கிளையை ஒடிக்காதீர்கள். தில்லை மரமாக இருந்து அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான்.

மீன்பிடிப்புக்கு வருவோம். காட்டுக்குள் நாம் பார்வையாளர்கள். வாய்க்கால்காரர் சம்மதித்தால், அவர் பிடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். மடவை, கொடுவா, இறால், கழி நண்டு என்று அந்தந்த நாளைப் பொறுத்து வரும். கையால் சேற்றைத் தடவியே இறால் பிடிக்கிறவர்களும் உண்டு. எந்தக் கருவியும் இல்லாத அந்த வேலையைப் பார்த்தால் நாம் ஒர்க்‌ஷாப்பில் அலுத்துக்கொள்வதற்கு வெட்கமாக இருக்கும். தூண்டில் போட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுப்பவர்கள், காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே ஆற்றங்கரையில், ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு மாலையில் உட்காரலாம். கரைக்கு வந்ததும் வாங்குகிற மீனை அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

ஒரு மாதிரித் திட்டம் சொல்கிறேன். ஏற்றம் காலை பத்து மணிக்கு உச்சத்தில் இருக்கும் நாளாகப் பாருங்கள். முதல் நாள் மாலையே வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை போய், தெரிந்த வீட்டில் தங்கல். காலை ஏழுக்குத் தோணி ஏறினால் ஏறுகிற தண்ணீரோடு வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பத்துக்குள் காயல். பதினொன்றுக்கெல்லாம் திரும்ப ஆரம்பித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் திறந்த காயலில் அலை அடிக்கும், பாரம் ஏற்றிய தோணிக்கு அது ஆகாது. “இன்னும் கொஞ்ச நேரம்” என்று கெஞ்சுகிறவன் ஒருத்தன் எல்லாக் குழுவிலும் இருப்பான். அவனைத் தோணிக்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வர விருப்பமுள்ள ஆறு பேர் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் பெயர் கொடுக்கலாம். அனுமதி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், தேதி மட்டும்தான் காலியாக விட்டிருக்கிறேன். அதை மாமாவிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.