மலையகத்தின் காடும் ஓடையும்: இயற்கை ஆய்வின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

மலையகம் பற்றிய ஆய்வுகள் தமிழில் கணிசமாகப் பெருகியுள்ளன. ஊதியம், குடியுரிமை, தொழிற்சங்கம், நாட்டார் பாடல், சிறுகதை எனப் பல துறைகளில் அறிஞர்கள் உழைத்துள்ளனர். ஆயின் அம்மக்கள் காலூன்றி நிற்கும் நிலத்தைப் பற்றி, தேயிலைக்கு முன் அங்கு நின்ற காட்டைப் பற்றி, பீலியில் வந்து விழும் நீரில் ஒரு காலத்தில் நீந்திய மீன்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அது விஞ்ஞானிகளின் துறை என இலக்கிய மாணவர் ஒதுங்குகின்றனர். சமூக வரலாறு தமது துறையன்று என விஞ்ஞான மாணவர் ஒதுங்குகின்றனர். இவ்விரு ஒதுக்கங்களுக்கும் இடையில் ஒரு முக்கிய வினா கேட்கப்படாமலே போகின்றது. மலைநாட்டின் இயற்கையை ஆராய்ந்த அறிவு யாருடைய தேவைக்காகப் பிறந்தது? அது இன்று யாரிடம் உள்ளது? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1

இலங்கைத் தாவரங்கள் பற்றிய ஐரோப்பிய ஆய்வு வணிகத்தின் நிழலிலேயே தொடங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு செடிகளைச் சேகரித்த போல் ஹேர்மன், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர். அவரது தொகுப்பை அடிப்படையாகக் கொண்டே லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். பிரித்தானியர் ஆட்சியில் 1821 இல் பேராதனையில் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. அதனை அமைத்த அலெக்சாண்டர் மூன் 1824 இல் தாவரப் பட்டியலொன்றை அச்சிட்டார். 1849 முதல் 1880 வரை பூங்காவின் பொறுப்பிலிருந்த துவெயிற்ஸ், 1858 க்கும் 1864 க்கும் இடையில் இலங்கைத் தாவரங்களின் விரிவான தொகுப்பை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஹென்றி டிரைமனின் கைந்நூல் 1893 இல் வெளிவரத் தொடங்கிற்று. 1896 இல் அவர் மறைந்தபின் எஞ்சிய பகுதிகளை ஜோசப் ஹூக்கர் 1900 இல் நிறைவு செய்தார்.

இந்த ஆண்டுகளை மற்றொரு வரிசையோடு ஒப்புநோக்குதல் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், தனியார் உரிமை நிறுவப்படாத காட்டுநிலத்தை அரசின் உடைமையாக்கியது. அக்காடு கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. துவெயிற்ஸ் ஒவ்வொரு மரத்துக்கும் இலத்தீன் பெயர் சூட்டிய அதே பத்தாண்டுகளிலேயே அம்மரங்கள் வெட்டப்பட்டு எரிக்கப்பட்டன. பூங்காவின் பணி பட்டியலிடுதலோடு நிற்கவில்லை. தோட்டங்களுக்கு வேண்டிய பயிர்களைத் தருவித்துப் பரிசோதிப்பதும் அதன் கடமையாயிற்று. 1861 இல் ஹக்கலையில் அமைந்த பூங்கா சிங்கோனாப் பயிர்ச்செய்கையின் பொருட்டே தோன்றியது. எனவே, வகைப்படுத்திய கையும் அழித்த கையும் ஒரே உற்பத்தி முறையின் இரு கரங்களாக இருந்தன எனல் மிகையாகாது.

எனினும் விஞ்ஞானத்தை முதலாளித்துவத்தின் வெறும் ஏவலாளாகக் காண்பது இயந்திரப் பாங்கான முடிவாகும். முறையாக உண்மையைத் தேடும் அறிவு, தன்னைப் போஷிக்கும் வர்க்கத்தின் உடனடி நலனுக்கு எதிராகவும் பேசுவதுண்டு. 1873 இல் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். ஆறுகளின் தோற்றுவாய் அங்குள்ளது என்பதே அதன் அடிப்படை. ஹோட்டன் சமவெளிக் காடு இன்றுவரை எஞ்சி நிற்பதில் அந்த ஆலோசனைக்குப் பங்குண்டு. அச்சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

2

இயற்கையின் மறுமொழி விரைவிலேயே வந்தது. 1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துருநோய் கண்டறியப்பட்டது. 1880 இல் அதனை ஆராய அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட், நோய்க்குக் காரணமான பங்கசின் வாழ்க்கை வட்டத்தை விளக்கினார். அதன் வித்திகள் காற்றில் பரவுகின்றன. இடையீடின்றிக் கோப்பி மட்டுமே நிற்கும் மலைகளில் அவற்றைத் தடுப்பதற்கு எதுவுமில்லை. அதாவது, நோயைக் கொள்ளைநோயாக்கியது பங்கசு மட்டுமன்று, ஒற்றைப்பயிர் முறையுமாகும். 1870 களின் இறுதியில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, அடுத்த இருபதாண்டுகளுள் பெரும்பாலும் மறைந்தது.

ஏங்கெல்ஸ் 1876 இல் எழுதிய குறிப்பொன்று இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. கியூபாவில் மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலைக் கோப்பிக்கு உரமாக்கிய ஸ்பானியத் தோட்டக்காரரை அவர் உதாரணங் காட்டுகின்றார். ஒரு தலைமுறை இலாபம் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. பின்னர் மழை மேல்மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறையை விட்டதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. அவர் கியூபாவைப் பற்றி எழுதிய அவ்வாண்டுகளில் நுவரெலியா, டிக்கோயா, மஸ்கெலியாச் சரிவுகளிலும் அதே வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட 1867 ஆம் ஆண்டிலேயே ‘மூலதனம்’ முதற்பாகமும் வெளிவந்தது. முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியையும் மண்ணையும் ஒருங்கே சுரண்டுகின்றது என்ற அந்நூலின் முடிவுக்கு மலையகம்போல் தெளிவான சான்று அரிது.

கோப்பியின் வீழ்ச்சி ஒற்றைப்பயிர் முறையை ஒழிக்கவில்லை. பயிரை மட்டுமே மாற்றியது. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. பூச்சிகளையும் நோய்களையும் பற்றிய சிறந்த ஆய்வுகள் அங்கு நடந்துள்ளன. தேயிலை இலைசுருட்டிப் புழுவைக் கட்டுப்படுத்த, 1930 களில் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து வெற்றி கண்டமை உயிரியற் கட்டுப்பாட்டு வரலாற்றில் இடம்பெறத்தக்கது. ஆனால் ஆய்வின் மையப்பொருள் தேயிலையே. தேயிலையைச் சுற்றி எஞ்சிய காடும் ஓடையும் நெடுங்காலம் ஆய்வின் ஓரத்திலேயே இருந்தன.

3

ஓடைகளின் கதைக்கு வருவோம். ஹற்றன் நகரின் புவியியல் நிலை பலர் கவனியாத ஒன்று. அது இரு பேராறுகளின் நீர்பிரிமேட்டில் அமைந்துள்ளது. ஒரு புறம் ஹற்றன் ஓயா வடக்கே இறங்கி மகாவலியாகின்றது. மறுபுறம் டிக்கோயாவில் ஓடும் கெஹெல்கமு ஓயா மேற்கே களனியை அடைகின்றது. ஒரே மழை, ஒரே மலை. ஆயினும் ஒரு துளி திருகோணமலைக்கும் அடுத்த துளி கொழும்புக்கும் போகின்றது.

மீனைப் பொறுத்தவரை இது பெரும் வேறுபாடு. பறவை மேட்டைக் கடக்கும், விதை காற்றிற் பறக்கும். நன்னீர் மீன் தன் ஆற்றைவிட்டு வெளியேற இயலாது. ஆகவே ஒவ்வோர் ஆற்றுத் தொகுதியும் தனித்த உயிர்வரலாற்றைக் கொண்டுள்ளது. 1868 இல் குந்தர் விவரித்த, பெத்தியா நிக்ரோஃபாசியாற்றா எனும் கரும்பட்டைச் சிறுமீன், களனி முதல் நில்வளா வரையான தென்மேற்கு ஆறுகளுக்கு இயல்பாக உரியது. 1917 இல் விவரிக்கப்பட்ட லபியோ ஃபிஷெரி மகாவலித் தொகுதிக்கு உரியது. பாறைகளிடையே விரைந்தோடும் ஆழமான நீரே அதன் வாழிடம். ரணில் சேனநாயக்க 1980 களின் தொடக்கத்தில் இத்தீவின் நன்னீர் மீன்களின் புவியியற் பரம்பலை ஆராய்ந்தபோது, மகாவலியும் தென்மேற்கும் வெவ்வேறு மண்டலங்களாகவே அமைந்தன.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் பி. ஈ. பி. தெரணியகல முதன்மையானவர், அவரது வண்ணப்பட நூல் 1952 இல் வெளிவந்தது. ரொஹான் பெத்தியாகொடவின் நன்னீர் மீன்கள் பற்றிய நூல் 1991 இல் வெளிவந்து ஒரு புதிய காலகட்டத்தைத் தொடக்கிற்று. 2012 ஆம் ஆண்டின் தேசிய செம்பட்டியல் கணித்த 91 நன்னீர் மீனினங்களுள் 50 இத்தீவுக்கே உரியவை. பூக்குந் தாவரங்கள் 3,154 இனங்களுள் 894 அத்தகையவை. 2004 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, மீன், நண்டு, இறால், தவளை முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டது. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் தரைப்பாலம் இருந்தபோதிலும் இலங்கையின் பல உயிர்மரபுகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரபுகளிலிருந்து நெடுங்காலமாகத் தனித்து வளர்ந்தவை என்பதை அது நிறுவியது. அடுத்தடுத்த இரு நிலங்கள் உறவுடையனவாயும் தனித்தன்மையுடையனவாயும் இருத்தல் கூடும் என்பதை மலையகத் தமிழரின் வரலாறறிந்தோர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

இவ்வோடைகளுக்கு நேர்ந்தவற்றையும் நோக்குவோம். 1880 களில் துரைமாரின் தூண்டில் விளையாட்டுக்காக ஐரோப்பிய டிரவுட் மீன் நுவரெலியாவுக்குக் கொணரப்பட்டது. பின்னர் வந்த வானவில் டிரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. அச்சமவெளிக்கு மட்டுமே உரிய சிறு இறாலினமொன்றுக்கு அதனை அச்சுறுத்தலாக ஆய்வாளர் கருதுகின்றனர். ஓர் ஆளும் வர்க்கத்தின் பொழுதுபோக்குக்கூட இயற்கையின் மீது தன் முத்திரையைப் பதித்துவிடுகின்றது. 1965 இல் காசல்ரீ, 1969 இல் மவுசாக்கலை, 1985 இல் கொத்மலை, 2012 இல் மேல் கொத்மலை என அணைகள் எழுந்தன. ஓடும் நீர் தேங்கும் நீராயிற்று. மவுசாக்கலை நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. மேல் கொத்மலையின் பொருட்டுத் தலவாக்கலையில் பல குடும்பங்கள் குடிபெயர்க்கப்பட்டன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். அதன் விலையை மீனும் தோட்டமக்களும் சேர்ந்தே செலுத்தினர் என்பதே இங்கு பதிவுசெய்யப்பட வேண்டியது.

4

இனி, அறிவின் உடைமை பற்றிய வினாவுக்கு வரலாம். பேராதனைப் பூங்காவின் புகழ்பெற்ற தாவர ஓவியங்களை வரைந்தவர்கள் ஹரமானிஸ் த அல்விஸும் அவர் புதல்வரும் ஆவர். நூலின் முகப்பில் நிற்பது கண்காணிப்பாளரின் பெயரே. அண்மைக்கால விஞ்ஞானிகள் இவ்வநீதியை ஓரளவு உணர்ந்துள்ளனர். 2012 இல் சிறுமீன்களின் ஒரு சாதிக்குப் பெத்தியா என்ற சிங்கள வழக்குச் சொல்லே பெயராக வைக்கப்பட்டது. 2013 இல் இந்தியச் சாதியொன்று, கங்கை மீன்களை வரைந்த ஹலுதார் எனும் வங்காள ஓவியரின் பெயரைப் பெற்றது. ஆனால் காட்டை வெட்டித் திறந்தவர், கான் வெட்டியவர், முள்ளுக் குத்தியவர், கவ்வாத்துச் செய்தவர் ஆகியோரின் சொற்கள் இத்தகைய பெயர்களில் இடம்பெற்றுள்ளனவா? டிரைமனின் கைந்நூல் பல தாவரங்களுக்குத் தமிழ்ப் பெயர் தருகின்றது. எனினும் உயர்மலைச் செடிகள் பலவற்றின் எதிரில் அவ்விடம் வெறுமையாகவே உள்ளது. தோட்ட மக்களிடம் சொல் இல்லாமையன்று காரணம். லயத்துப் பெண்கள் ஓடைக்கரையில் எந்தக் கீரை உண்ணத்தக்கது, எந்த இலை காய்ச்சலுக்கு உதவும் என்பதை அறிவர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதியோர் அரிது.

இதன் விளைவு அறிவுத்துறையோடு நிற்பதன்று. 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற தோட்டங்களில், கையால் களை பிடுங்கும் வேலையின் இடத்தைக் களைநாசினி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அன்று நடந்த விவாதங்கள் ஏற்றுமதி வருமானத்தையே சுற்றி நிகழ்ந்தன. மருந்துத் தாங்கியை முதுகிற் சுமப்பவனின் நுரையீரலும், அம்மலைக்குக் கீழே பீலியில் நீர் மொள்ளும் குழந்தையும், அவ்வோடையின் மீனும் ஒரே கேள்வியின் மூன்று பகுதிகள் என எவரும் கருதவில்லை. மறுபுறம், காப்புக்காட்டில் ஒரு கட்டு விறகு எடுக்கும் பெண் காட்டின் பகையாகச் சித்திரிக்கப்படுகின்றாள். ஒன்றரை நூற்றாண்டு காட்டழிப்பின் கணக்கை விறகுக்கட்டின் தலையில் ஏற்றும் பாதுகாப்புவாதம், விஞ்ஞானமுமன்று, நீதியுமன்று.

5

தமிழிலக்கிய மாணவருக்கு இதில் தனிப்பட்ட கடமையுண்டு. நிலத்தையும் உயிரையும் தொழிலையும் ஒழுக்கத்தையும் இணைத்துக் கண்ட திணை மரபு நம்முடையது. குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லிக் காட்டுகின்றது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் அக்குறிஞ்சியின் உறவினச் செடிகள் ஹோட்டன் சமவெளியிலும் உள்ளன. சிங்களவர் அவற்றை நெலு என்பர். ஆயின் திணையைப் பழம்பெருமையாக மாத்திரம் ஓதுவது பயனற்றது. கருப்பொருள் உற்பத்தி முறையால் மாற்றப்படுகின்றது; தேயிலைத் திணை என ஒன்றைச் சிந்திக்கத் துணிவோமாயின், அதன் மரம் யூக்கலிப்டஸ், அதன் மீன் டிரவுட், அதன் தொழில் கொழுந்து பறித்தல் என்றே எழுத வேண்டிவரும். சி. வி. வேலுப்பிள்ளை முதலானோரின் எழுத்துக்களையும் அவர் தொகுத்த நாட்டார் பாடல்களையும் இக்கண்கொண்டு மீண்டும் வாசித்தல் வேண்டும்.

நடைமுறையிற் செய்யத்தக்கவையும் உள. தோட்டப் பாடசாலை மாணவர் தம் ஓடையின் மீன்களையும் எஞ்சிய காட்டுத்துண்டின் மரங்களையும் கணக்கெடுக்கப் பழக்குதல். முதியோரிடமிருந்து தாவரப் பெயர்களைத் தொகுத்தல். ஆங்கிலத்தில் உள்ள ஆய்வு முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் தருதல் ஆகியன பெரும் பொருட்செலவு வேண்டாதவை. தமிழ்ச் சங்கமும் விஞ்ஞான பீடமும் கைகோத்தால் ஒரு விடுமுறைக் காலத்திலேயே தொடங்கிவிடலாம்.

1823 முதல் எண்ணினால் மலையகத் தமிழரின் வரலாறு இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அம்மலைகளைத் தம் உழைப்பால் மாற்றியமைத்தோர் அவற்றைப் பற்றிய அறிவுக்கும் உரித்தாளிகள். காணியுரிமைக்கான போராட்டம் இன்னும் முடியவில்லை. அக்காணியில் எது முளைக்கின்றது, அதனூடே ஓடும் நீரில் எது வாழ்கின்றது என்பதை அறியும் உரிமையும் அப்போராட்டத்தின் பகுதியேயாகும்.