எறும்பு திட்டேறினால் மழை பெய்தது

ஆங்கில எதிர்காலம் என்றால் நம் பள்ளிக்கூடங்களில் ‘வில்’, ‘ஷால்’ என்ற இரண்டு சொற்களோடு பாடம் முடிந்துவிடும். தன்மைக்கு ‘ஷால்’, மற்றவர்களுக்கு ‘வில்’ என்ற விதியை 1653-ல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர், ஆங்கிலத்துக்காக இலத்தீனில் எழுதிய இலக்கணத்தில் வகுத்து வைத்தார். இங்கிலாந்துக்காரர்களே அதைக் கைகழுவி நாளாகிறது. நம் ஊர்க் கையேடுகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஆங்கில வினையை உற்றுப் பார்த்தால் இறந்தகாலத்துக்கு ஒரு விகுதி தெரிகிறது, எதிர்காலத்துக்கு ஒன்றுமே இல்லை. ‘வில்’ முன்பு ‘விரும்பு’ என்ற பொருளில் வழங்கிய வினை. ‘ஷால்’ கடன்பட்டிருப்பதைச் சொன்னது. ‘கோயிங் டு’ கால் நடையாகப் போவதைச் சொன்ன தொடர். பல மொழிக் குடும்பங்களை ஒப்பிட்டு ஜோன் பைபீயும் அவருடைய கூட்டாளிகளும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு நூலிலும் விருப்பம், கடமை, பயணம் ஆகிய மூன்றும் எதிர்காலச் சொற்களின் முக்கிய ஊற்றுகளாகக் காட்டப்படுகின்றன. நாம் சொல்லும் ‘பெய்யப் போகிறது’ என்பதும் அந்தப் பயணத்தில் வந்ததுதான்.

இரவல் வாங்கிய இத்தனை வடிவங்கள் எதற்கு? ஒரே ‘நாளை’யைச் சொல்ல ஒன்று போதுமே. பேசுகிறவர் எந்த ஆதாரத்தில், எவ்வளவு துணிவோடு சொல்கிறார் என்பதைப் பிரித்துக் காட்டத்தான் இத்தனையும் என்பது என் வாதம். மேற்கே மலைமேல் மேகம் கறுத்து நிற்கக் கண்டவர் ‘கோயிங் டு ரெயின்’ என்பார். சாட்சி கண்முன் இருக்கிறது. ‘வில் ரெயின்’ என்பது சொல்பவருடைய கணிப்பு. அட்டவணைப்படி கிளம்பும் ரயிலுக்கு எதிர்காலச் சொல்லே தேவையில்லை, சாதாரண நிகழ்காலம் போதும். ஆளோடு பேசி முடித்துவிட்ட ஏற்பாட்டுக்குத் தொடர் நிகழ்காலம். சோமனூர் விசைத்தறிக்காரர் “நாளைக்குத் துணி குடுத்தர்றனுங்க” என்றால் அது வாக்கு. “குடுப்பனுங்க” என்றால் கேட்பவர் இன்னொரு முறை போன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. இரண்டு பேச்சும் குறிப்பது அதே நாளைத்தான். வேறுபடுவது பொறுப்பு.

இதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டு மொழியியல் வரும்வரை நாம் காத்திருக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருடைய ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு நாட்டு மரபு. அவர் ஊராகச் சொல்லப்படும் சனகை எது என்பதில் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை, அது இருக்கட்டும். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலங்கள் தம்முள் இடம் மாறலாம் என்று அவர் விதித்தார். அந்தக் கருத்தின் வேர் தொல்காப்பியத்தில் இருக்கிறது. தெளிவுக்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் அருமையானது: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை ‘பெய்தது’ என்றே சொல்லலாமாம். வானத்திலிருந்து ஒரு துளிகூட விழவில்லை. ஆனாலும் சாட்சி அவ்வளவு வலுவானது என்பதால் வினை இறந்தகாலத்துக்குத் தாவிவிட்டது. அழைத்த குரலுக்கு வீட்டுக்குள்ளிருந்தே “இதா, வந்துட்டனுங்க” என்பவர் விரைவுக்கு உதாரணம்.

ஆங்கிலத்துக்குத்தான் விகுதி இல்லை, தமிழுக்கு உண்டே, முக்காலமும் நம் இலக்கணத்தில் தெளிவாக இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ‘கிறு’, ‘கின்று’ என்ற நிகழ்கால இடைநிலைகள் பிற்பாடு பெருகியவை. பழந்தமிழ் வினை இறந்தது, இறவாதது என்ற இரண்டு பாகுபாட்டில்தான் நின்றது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். ஆங்கில வினையின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. எதிர்கால விகுதி என்று நாம் சொல்லும் ‘உம்’ இன்றைக்கும் வேறு வேலைகளைப் பார்க்கிறது. ‘நெருப்பு சுடும்’ என்பது நாளைக்கான செய்தியா? ‘அந்தக் காலத்தில் நொய்யலில் தண்ணி நிறைஞ்சு ஓடும்’ என்பது முழுக்க இறந்தகாலம். ஆங்கில ‘வில்’லும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும் என்று சொல்ல வந்து நிற்கிறது. எதிர்மறை இன்னும் சுவாரசியமானது. ‘கரண்ட் வராது’ என்கிறோம். ‘லைன்மேன் வரமாட்டார்’ என்கிறோம். மனிதரைப் பற்றிப் பேசும்போது ‘மாட்டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இயலாமையும் மறுப்பும் அதற்குள் கலந்திருக்கின்றன. மின்சாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு மனசு இல்லை.

எதிர்காலத்தை இலக்கணம் எப்படிக் கூறுபோடுகிறதோ அப்படித்தான் மக்கள் சேமிக்கிறார்கள் என்று ஒரு பெரிய கோட்பாடும் எழுந்தது. பொருளியல் அறிஞர் கீத் சென் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாளையைத் தனி வடிவத்தில் சொல்லியே தீரவேண்டிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சேமிக்கிறார்கள். நாளை தூரத்தில் நிற்பதாகத் தோன்றுவதே காரணமாம். என் வாதம் சரியென்றால் இது ஆட்டம் காணவேண்டும், ஏனென்றால் இந்த வடிவங்கள் தூரத்தை அளப்பவையே அல்ல. 2015-ல் ஷான் ராபர்ட்ஸ், ஜேம்ஸ் விண்டர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து சென்னே மறு ஆய்வு செய்தபோது, உறவு மொழிகள் ஒரே பண்பாட்டைப் பகிர்வதைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வலுவிழந்தது. முற்றிலும் பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிட் பண்டு கட்டும் பழக்கத்துக்கு வினை விகுதியில் காரணம் தேடுவது மட்டும் வீண் வேலை.

பரீட்சைக்கு இதெல்லாம் உதவாது, பிள்ளைகளுக்கு ஒரு விதி போதும் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்த ஒற்றை விதிதான் கோளாறுக்கு வேர். தமிழ் எதிர்கால வடிவத்துக்கு நேராக ‘வில்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை தினமும் ஆறு மணிக்கு எழும் வழக்கத்தையும் ‘வில்’ போட்டு எழுதுகிறது, தமிழில் ‘எழுந்திருப்பேன்’ என்பதால். பயிற்சிக்கு வானிலைச் செய்தியைக் கையில் கொடுக்கலாம். ‘பெய்யும்’, ‘பெய்யக்கூடும்’, ‘பெய்ய வாய்ப்புள்ளது’ என்று ஒரே பத்திக்குள் துணிவு படிப்படியாக இறங்குவதை அதில் காணலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவமழையை மாவட்டவாரியாக நிகழ்தகவோடு முன்னறிவிக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு மாவட்டத்தை எடுத்து, அதன் மழையை எந்த ஆங்கில வடிவத்தில் எழுதுவாய், ஏன் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.