சாவி வாங்கும் முன் ஏர்பேக்கைப் பாருங்கள்

இன்சூரன்ஸில் ரிப்பேர் ஆகும் கார், ஒர்க்‌ஷாப்பிலிருந்து பளபளவென்றுதான் வெளியே வருகிறது. சில வாரம் போனபிறகுதான் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. முன்டயர் உள்ஓரம் மட்டும் தேய்கிறது. மழை பெய்தால் காலடி விரிப்பில் தண்ணீர் ஊறுகிறது. போய்க் கேட்டால், “சர்வேயர் அந்த பார்ட்டை மாத்த அப்ரூவல் தரலை சார், தட்டி நிமிர்த்தத்தான் சொன்னார்” என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியோ, “பணம் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது” என்கிறது.

முடியவில்லை. கேஷ்லெஸ் பட்டியலில் அந்த ஒர்க்‌ஷாப்பைச் சேர்த்தது கம்பெனி. எதை மாற்றலாம், எதைத் தட்டலாம் என்று பார்த்தது கம்பெனி நியமித்த சர்வேயர். அப்புறம் எப்படிக் கைகழுவ முடியும்? பாலிசி வெறும் நஷ்டஈட்டு ஒப்பந்தம்தான் என்பது அவர்கள் வாதம். தெரிந்த மெக்கானிக்கிடம் தானே வண்டியை விட்டவருக்கு அது பொருந்தலாம்.

டிங்கரிங், பெயின்டிங் குறைகூட கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பயமெல்லாம் ஏர்பேக்கில்தான். ஒருமுறை வெடித்த ஏர்பேக் மறுபடி உதவாது. புதிது மாட்ட வேண்டும். அதோடு சேர்ந்து இறுகிய சீட்பெல்ட்டையும் மாற்ற வேண்டும். இரண்டும் விலை அதிகம், இரண்டும் மூடிக்குள் இருப்பவை. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் நின்றாலும் வண்டியை எடுக்காதீர்கள். ஒழுங்காக அணைந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிட்டால் காரின் கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். மாட்டுவதற்கு முன்பே புது ஏர்பேக்கின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் ஏறும் வண்டி அது.

டெலிவரி நேரத்தில் நீட்டும் ‘திருப்தி’ படிவத்தில், ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். குறை இருந்தால் அதிலேயே எழுதி, நகல் வாங்குங்கள்.

பிறகு தெரிந்த குறையா? ஒர்க்‌ஷாப்புக்கும் கம்பெனிக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் கொடுங்கள். கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்; கட்டணம் கிடையாது. ஆனால் அவர் கம்பெனியைத்தான் கேட்க முடியும், ஒர்க்‌ஷாப்பை அல்ல. இருவரையும் ஒன்றாக நிறுத்த மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2019-ம் ஆண்டு சட்டப்படி 2 ஆண்டுக்குள் அங்கே மனு போட வேண்டும். அதுவரை வண்டியை வேறு இடத்தில் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால், “எங்கள் வேலையைக் கலைத்ததே அவர்கள்தான்” என்று சொல்லிவிடுவார்கள்.