மொட்டு விடும் பருவத்தில் மல்லிகை இலை மஞ்சளாவது ஏன்?

வெயில் ஏறத் தொடங்கியதும் குண்டு மல்லி மொட்டு விடும். அந்த நேரத்தில் இலை வெளுத்தால், பலரும் ஒரு கைப்பிடி யூரியாவைத் தூரில் போட்டுவிடுகின்றனர். இதனால் தழை பெருகுமே தவிர மொட்டு பெருகாது. இளந்தழையை நாடிப் பூச்சிகளும் வரும். பறிப்பு குறைந்து போகும். எனவே முதலில் காரணத்தை அறிய வேண்டும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளின் கொல்லையிலும் மாடித் தொட்டியிலும் வளரும் செடிகளுக்கும், சிறு தோட்டங்களுக்கும் கீழ்க்கண்ட முறை பொருந்தும்.

எந்த இலை வெளுக்கிறது?

அடி இலை முழுவதும் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியக் குறை. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறை.

கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை. மல்லிகையில் அதிகம் காணப்படுவது இதுவே. மண்ணில் இரும்பே இல்லை என்பது இதன் பொருளன்று. வீடு கட்டிய சுண்ணாம்பும் சிமெண்டுக் கழிவும் கலந்த மண்ணில் களர்த்தன்மை கூடும். அப்போது இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

சோதித்துப் பார்க்கலாம்

ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, வெளுத்த சில இலைகளில் மட்டும் தடவவும். பத்து நாளில் அவை பச்சை கண்டால் குறை இரும்புதான். பிறகு இதே கரைசலைச் செடி முழுவதும் மாதம் ஒரு முறை, வெளுப்பு மறையும் வரை தெளிக்கலாம். கரைத்த அன்றே தெளிக்க வேண்டும். வைத்திருந்தால் துருவாகி வீணாகும். மக்னீசியக் குறைக்கு லிட்டருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட் தெளிக்கலாம்.

உரக்குறை அல்லாதவை

இலையில் ஊசி குத்தியது போல் வெளிர் புள்ளிகள் தோன்றினால், வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டிப் பார்க்கவும். தூசி போல் விழுந்து நகர்பவை சிவப்புச் சிலந்திப் பேன்கள். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கவும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். எந்த மருந்தானாலும் மொட்டுப் பறித்த பின், மாலையில் தெளிப்பதே நல்லது.

இலை நுனி கருகி, தொட்டி ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்தால் தண்ணீரே காரணம். கடலோரத்து அடையாறு, பெசன்ட் நகர் பகுதிக் கிணறுகளில் உப்பு நீர் உண்டு. நல்ல நீரை அடித்துளை வழியே வழிந்தோடும்படி ஊற்றி உப்பைக் கழுவவும். மழை நீரைச் சேமித்து ஊற்றலாம்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் நீர் தேங்கி வேர் அழுகுகிறது. உடனே நீரை நிறுத்தவும். வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழுத் தாக்குதல். வேப்பம் புண்ணாக்கு இடவும்.

உர அளவு

வயலில் வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 10 கிலோ, யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் போதும். இரசாயன உரங்களை இரண்டாகப் பிரித்து, நவம்பர் இறுதியில் கவாத்துக்குப் பின் ஒரு முறையும், ஜூன்–ஜூலையில் ஒரு முறையும் இடவும். தொட்டிச் செடிக்கு இந்த அளவு மிக அதிகம்.

ஐயம் இருந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம். எந்த இலை, எவ்வகை வெளுப்பு, எந்த நீர் என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் சரியான யோசனை கிடைக்கும்.