நல்லவர் ஏன் கை வைக்கிறார்?

"இருபது வருஷ சர்வீஸ். ஒரு பைசா பிசகாத மனுஷர். அவரா கஜானாவில் கை வைத்தார்!"

இப்படி ஒரு செய்தி வந்தால் நாம் மூக்கின் மேல் விரலை வைக்கிறோம். அடுத்த வீட்டு மாமி மட்டும், "எனக்கு அப்போதே அந்த ஆளின் முழி பிடிக்கவில்லை" என்பாள்.

முழியைப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தவள் மாமி மட்டும் அல்ல. லொம்ப்ரோஸோ என்ற இத்தாலிய டாக்டர் 1876-ல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். பெரிய தாடை, விகாரமான காது, நீண்ட கை எல்லாம் பிறவிக் குற்றவாளியின் லட்சணங்களாம்! இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை டாக்டர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, கல்லூரி மாணவர்களோடும் சிப்பாய்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். குற்றவாளிக்கென்று தனி உருவம் கிடையாது என்று 1913-ல் தீர்ப்புச் சொன்னார்.

அப்படியானால் மனத்துக்குள்தான் தேட வேண்டும். எல்லாக் குற்றங்களையும் ஒரே சாவியால் திறந்துவிட முடியாது. ஆனால், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுகிறவரின் மனத்தை ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க அறிஞர், சிறையில் இருந்த அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் பேசி, 1953-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். மூன்று விஷயங்கள் ஒன்று சேரும்போதுதான் நல்லவர் கை வைக்கிறார் என்றார் அவர்.

முதலாவது, பிறரிடம் சொல்ல முடியாத கஷ்டம். வெறும் கஷ்டம் அல்ல என்பதைக் கவனியுங்கள். அவர்களில் பலருக்கு முன்பும் பணமுடை வந்ததுண்டு. அப்போது அவர்கள் திருடவில்லை. இந்தத் தடவையோ, சூதாட்டத்தில் விட்டதையோ தொழிலில் சறுக்கியதையோ வெளியே சொன்னால் கௌரவம் போய்விடும் என்ற பயம்.

இரண்டாவது, வசதி. சாவியும் கணக்கும் அவர் கையில்தானே இருக்கின்றன!

மூன்றாவது, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். "திருடவா செய்கிறேன்? கைமாற்றாகத்தானே எடுக்கிறேன், அடுத்த மாதம் வைத்துவிடுவேன்." இதை அவர் மனப்பூர்வமாக நம்புகிறார். திருப்ப முடியாத தொகையாக அது வளர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்.

இன்றும் கணக்குத் தணிக்கை செய்வோர் இதை 'மோசடி முக்கோணம்' என்று படிக்கிறார்கள். ஆனால், பூட்டும் தணிக்கையும் முக்கியமாக இரண்டாவதற்குத்தான் மருந்து. முதலாவதற்கு மருந்து பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது.

கணவர் செய்த குற்றத்துக்கு மனைவியைக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று கோபிக்காதீர்கள். உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கும் இதே ஆபத்துதான். சீட்டுப் பணம் போட்டு ஏமாந்ததை வீட்டில் சொல்லப் பயந்து, அதை ஈடுகட்ட ஆபீஸ் பணத்தின் மேல் கண் போவது அவளுக்கும் நேரலாம்.

தப்பைத் தப்பு என்றே சொல்லுங்கள். ஆனால், அதை வந்து சொன்னவரைச் சொன்னதற்காகவே குத்திக் காட்டாதீர்கள். பையன் பள்ளிக்கூடச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வாசலில் தயங்கி நிற்கிறானா? முதுகில் நாலு வைப்பதற்கு முன் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள். நஷ்டத்தை மறைக்காமல் சொல்லலாம் என்று இன்று கற்றுக்கொள்கிறவன்தான், நாளைக்குக் கஜானா சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கப் போகிறான்.